சிவப்பு வரவில்லை

"டீச்சர், கமாண்டைத் தப்பாப் போட்டுட்டனா?" என்று கேட்டார் சேசடிமை.

பர்வீனுக்கு அவர் மகள் வயதுதான். ஆனாலும் கம்ப்யூட்டர் சொல்லித் தந்தவள் என்பதால் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

புயலன்று மீன்பிடிக்கப் போய்க் கடலில் இருந்தவர்களின் பெயர்களை எல்லாம் எக்செல்லில் ஏற்றியவர் சேசடிமை. ஃபைல் ஒன்று, அதில் ஊருக்கு ஒரு ஷீட். வேறு கரையில் பிழைத்து ஏறியவர்களை அப்படியே விட்டிருந்தார். உடலாகக் கரை சேர்ந்தவர்களின் வரிக்குச் சிவப்பு அடித்திருந்தார். அவர் தம்பி ததேயுஸின் வரியும் சிவப்பு.

அந்தப் பெரிய ஃபைல் பல பேருடைய போனில் திறக்கவில்லை. வெறும் எழுத்தாக மாற்றினால் எந்தப் போனிலும் திறக்கும் என்றாள் பர்வீன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கமாண்ட். ஷீட் ஒவ்வொன்றும் தனி டெக்ஸ்ட் ஃபைலாகப் பிரிந்துவிடும்.

பிரிந்துவிட்டது.

"எல்லா ஊரும் வந்துட்டு டீச்சர். பேரு வந்துட்டு, படகு வந்துட்டு. சிவப்பு மட்டும் வரலை."

"வராது அண்ணாச்சி."

"கமாண்டுல ஏதாவது சேத்தா?"

"டெக்ஸ்டுக்கு நிறம் கிடையாது. எழுதினது மட்டும்தான் வரும்."

சேசடிமை திரையில் பெயர்களை ஒவ்வொன்றாகக் கீழே நகர்த்தினார்.

"இதுல எல்லாரும் ஒண்ணுபோல இருக்காங்க. கரையில காத்துக் கெடக்குறவ பாத்தா உசுரோட இருக்கான்னு நம்பிருவா."

"சிவப்புன்னா என்ன அண்ணாச்சி?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். ஃபைலுக்குத் தெரியாது."

அவள் எக்செல்லைத் திறந்தாள். பெயருக்குப் பக்கத்தில் ஒரு காலிக் கட்டத்தைச் சேர்த்துவிட்டுக் கீபோர்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

முதல் சிவப்பு ததேயுஸ்.

"கடலோட போயிட்டான்னு போடட்டுமா?"

"எங்க போனான்னு கேப்பாங்க."

"கர்த்தர்கிட்ட..."



உடல் ஒதுங்கிய அன்று தம்பி மனைவிக்குப் போன் போட்டவர் அவர்தான். வாய் வரவில்லை. "ததேயுஸ் கிடைச்சுட்டாம்மா" என்று மட்டும் சொன்னார்.

நனைந்திருப்பான் என்று, அவன் மாற்றிக்கொள்ள ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு அவள் ஓடி வந்தாள்.

சேசடிமை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினார்.

இறந்துவிட்டான்.

முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

"இனி இது வருமா டீச்சர்?"

"வரும் அண்ணாச்சி. இப்பத்தான எழுதியிருக்கீங்க."