மயிரிழை வாய்க்கால்

"எல்லாம்தான் வந்து சேர்ந்திருச்சே மேடம். அப்புறமும் ஏன் வேணாங்கறீங்க?"

கலியபெருமாளின் குரலில் சூடு ஏறியிருந்தது.

ஏறாதா பின்னே? ஒரத்தநாட்டுப் பக்கம் காலமெல்லாம் பாசன வாய்க்கால் வெட்டிய பொறியாளர். அவர் வெட்டினால் தண்ணீர் கடைமடையின் கடைசி வயல்வரை போய்த்தான் நிற்கும். ஓய்வு பெற்றபின் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக வந்து சேர்ந்தார். ஆசிரியர் டாக்டர் பெனிட்டாவுக்கு அவர் மகள் வயதுதான்.

பெனிட்டா கேட்டதும் ஒரு வாய்க்கால்தான். கண்ணாடிச் சில்லில், மயிரிழை அகலத்தில். விந்தணுக்களில் நல்லதை மட்டும் பிரித்துத் தர வேண்டும்.

மதியம் கருத்தரிப்பு மருத்துவமனையிலிருந்து பார்க்க வருகிறார்கள். திருப்தி இல்லையென்றால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. கலியபெருமாள் ஊருக்கு வண்டி ஏற வேண்டியதுதான்.

பெனிட்டா நுண்ணோக்கியைக் காட்டினார். "பாருங்க சார்."

வாய்க்காலின் கோடியில் ஒரே கூட்டம்.

"நீந்துதா?"

"சிலது நீந்துது."

"மத்தது?"

கலியபெருமாள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். செத்ததும் வந்திருந்தது, வால் முடங்கியதும் வந்திருந்தது. எல்லாவற்றையும் தண்ணீர் தூக்கிவந்து போட்டிருந்தது.

"இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டிப் பார்க்கட்டுமா?"

பெனிட்டா சில்லைக் கழுவினார். தண்ணீர்க் குழாயை வாய்க்கால் தொடங்கும் தலைப்பிலிருந்து கழற்றிக் கோடியில் மாட்டினார். தலைப்பில் புதிதாக ஒரு சொட்டு விந்து விட்டார்.

கலியபெருமாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மேடம்! கடைமடையில போய் யாராச்சும் மதகு வைப்பாங்களா? அத்தனையும் அடிச்சிட்டுப் போயிரும்!"

"மெதுவாத் திறங்க."

முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். குனிந்து பார்த்தார்.

செத்தவை தலைப்பிலேயே ஒதுங்கின. குப்பையும் ஒதுங்கியது.

திக்குத் தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தவை ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பின. தண்ணீர் வருகிற பக்கம் பார்த்துத் திருப்பின. பிறகு ஏறத் தொடங்கின.

அவ்வளவு சின்ன உயிருக்குத் தண்ணீர் கூழ்போலக் கனக்கும். வாலடிப்பு நின்றால் அந்தக் கணமே ஏற்றமும் நிற்கும். அதிலும் சுவரை ஒட்டி ஒட்டி ஏறின. சறுக்கிய ஒன்று மறுபடி திரும்பி ஏறியது.

"ஏறுது மேடம்! ஏறுது!"

"ம்."

"தாய் வயித்துலயும் இப்படித்தானா? எதிர்லதான் தண்ணி வருமா?"

"எதிர்லதான். மெதுவா."

மதியம் வந்தவர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். "இதுதான் சார் எங்களுக்கு வேணும்" என்று கலியபெருமாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் போனபிறகும் நுண்ணோக்கியை விட்டு நகரவில்லை.

"வெக்கத்தை விட்டுச் சொல்றேன் மேடம்" என்றார் கடைசியில். "காலமெல்லாம் தண்ணியிலயே கிடந்தவன் நான். ஆனா எனக்கு நீச்சல் தெரியாது."

பெனிட்டா நுண்ணோக்கியைக் காட்டிச் சிரித்தார்.

"தெரியாமலா சார் இங்க வந்து நிக்கிறீங்க?"