சாவியா, பெட்டியா?

நெய்தற்பட்டினத்தில் வழக்குப் போடுவது விளையாட்டுக் காரியம் இல்லை. ஒரு வணிகர் இன்னொருவர்மேல் குற்றம் சொன்னால், முதலில் தன் கடைச் சாவியை நகரசபை மேடையில் வைத்துவிட வேண்டும். குற்றம் நிரூபணமானால் சாவி திரும்பி வரும். ஆகாவிட்டால் கடை எதிராளிக்குப் போய்விடும். வம்பு வழக்குகளை அடக்க முன்னோர் செய்த ஏற்பாடாம்! அது யாரை அடக்கப் பார்த்தது என்று கேளுங்கள்.

துறைமுக முனையில் துணிக்கடை வைத்திருந்தவள் உமையாள். கப்பலை விட்டு இறங்குகிறவன் கண்ணில் முதலில் படுவது அவள் கடைதான். கடைக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மயில்கழுத்து நீலம். அந்தச் சாயம் போடத் தெரிந்தவன் ஊரிலேயே மருதையன் ஒருவன்தான். அவளைத் தவிர யாருக்கும் அந்த நிறத்தைப் போட்டுத் தருவதில்லை என்று அவன் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருந்தான். அவனுடைய பட்டறை ஒரு சந்துக்குள் இருந்தது. முனைக்கடையைத் தனக்கு விட்டுத்தரும்படி முன்பு கேட்டும் பார்த்திருக்கிறான். உமையாள் சிரித்து மழுப்பிவிட்டாள்.

போன மழைக்காலத்தில் படகு கவிழ்ந்து அவளுடைய துணிமூட்டைகள் கடலோடு போயின. அந்த வருத்தம் ஆறுவதற்குள், தெற்கே ஒரு சந்தையில் வாங்கியதாக ஒரு மாலுமி துண்டுத் துணி ஒன்றைக் காட்டினான். அதே நீலம். கஞ்சி அதிகம் போட்டதுபோல மொடமொடவென்று இருந்தது. மருதையன் வேறு யாருக்கோ போட்டுத் தந்துவிட்டானோ என்று உமையாளுக்குச் சந்தேகம் வந்தது.

நேரே மருதையனிடம் போய்க் கேட்டாள். யாருக்கும் போட்டுத் தரவில்லை என்றான். அவன் பட்டறையில் யாருக்குச் சாயம் என்று ஓலை எழுதாமல் ஒரு முழம் துணிகூடத் தொட்டியில் இறங்காது. அந்த ஓலைகளைக் காட்டச் சொன்னாள். மாட்டேன் என்றுவிட்டான்.

சாவியை வைத்துத் தோற்றால் நடுத்தெருவில் நிற்க வேண்டும். சும்மா இருந்தால் நீல வியாபாரமே கையை விட்டுப் போகும். யோசித்து யோசித்து, சபையிடம் வழக்கத்தில் இல்லாத ஒரு விண்ணப்பம் வைத்தாள். வழக்குப் போடலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள, அவன் ஓலைகள் வைத்திருக்கும் பெட்டியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

சபைத் தலைவர் சாத்தப்பர் மருதையனை அழைத்தார். அவன் பதறவே இல்லை.

"இந்தத் துண்டு சாட்சின்னா உமையாள் ஆச்சி சாவியை வைக்கட்டும். சாட்சி இல்லைன்னா, என் பெட்டியைத் திறக்கச் சொல்ல இவங்களுக்கு என்ன பாத்தியதை? மத்த வாடிக்கைக்காரங்க விவகாரமும் அதுல இருக்கு" என்றான்.

சபை தலையாட்டியது. சாவியை வைக்கட்டும் என்பதை மட்டும் அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். உமையாள் இடுப்புச் சாவியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சந்தேகப்பட இந்தத் துண்டு போதும். ஒருத்தரைக் குற்றவாளின்னு சொல்ல இது போதாது. ஓலையில ஒண்ணும் இல்லைன்னா நான் பேசாம வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள்.

வாசிக்கிறவரே, சாத்தப்பர் இடத்தில் நீங்கள் இருந்தால் மேடையில் எதை வைக்கச் சொல்வீர்கள், சாவியையா, பெட்டியையா? இருவரில் யார் கேட்டது சரி?

விடை: பெட்டியைத்தான் வைக்கச் சொன்னார் சாத்தப்பர். சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது, கேட்க வேண்டியவனிடம் கேட்டாயிற்று, மிச்ச உண்மை அவன் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அப்படிப்பட்டவள் கண்ணை மூடிக்கொண்டு கடையைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்றார். நீலத்துக்கான ஓலைகளைச் சபைக் கணக்கர் மட்டும் படித்தார். மற்றக் கட்டுகள் அவிழவில்லை. ஒவ்வோர் ஓலையிலும் உமையாள் பெயர்தான். மருதையன் வாக்குத் தவறவே இல்லை! சாத்தப்பர் துண்டுத் துணியை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்புக் கரித்தது. கடலோடு போன அவள் மூட்டைதான் எங்கோ கரை ஒதுங்கிச் சந்தைக்குப் போயிருக்கிறது. குற்றமில்லாதவன் பெட்டியை ஏன் மூடினான் என்கிறீர்களா? திறந்தால் அவன் யோக்கியன் என்று தெரிந்துவிடும். தெரிந்தால் அவள் சாவியை வைக்க மாட்டாள், முனைக்கடையும் அவன் கைக்கு வராதே! மறுநாள் உமையாள் சாயத்துக்குத் துணி கொண்டுபோனாள், அதே மருதையனிடம்தான். வேறு ஆள் ஊரில் இல்லை. சாவியை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போனாள்.