எச்சில் படாத வீணை

ஒரு ராஜாவுக்கு எந்த ஆசை வேண்டுமானாலும் வரலாம், சங்கீத ஆசை மட்டும் வரக் கூடாது. மஞ்சள்நாட்டு ராஜா கொழுந்துபூபதிக்கு அதுதான் வந்து தொலைத்தது.

"எனக்கென்று ஒரு வீணை வேணும். என் மடிக்கும் என் விரலுக்கும் பொருந்தி வரணும்" என்று வீணை செய்யும் நல்லபெருமாள் ஆசாரியிடம் உத்தரவு போட்டார். ஆசாரி ராஜாவின் தொப்பையைப் பார்த்தார். கயிற்றால் அளவெடுத்துக்கொண்டு கிளம்பினார். நல்ல முற்றிய பலா மரமாகத் தேடி, குடைந்து, இழைத்து, யாளி முகம் செதுக்கி முடித்தார். தந்தி கட்டி, அதன் கீழே வரிசையாக விரல் அழுத்தும் பித்தளை மெட்டுகளை வைப்பதுதான் பாக்கி.

இது அரண்மனை வித்துவான் சேஷய்ய பாகவதருக்குப் பொறுக்கவில்லை. அவருடைய மைத்துனனும் வீணை செய்கிறவன். அரண்மனை வேலை அவனுக்குக் கிடைக்காமல் போன எரிச்சலில், ராஜாவின் காதைக் கடித்தார்.

"மகாராஜா, இன்னொருத்தன் மீட்டிப் பார்த்த வீணை எச்சில் வீணை. அதைப் போய் நீங்க மடியில வைக்கலாமா?"

ராஜாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. "அந்தத் தந்தியில முதல் விரல் என் விரலாத்தான் இருக்கணும். வேற யார் விரல் பட்டாலும் ஆசாரியோட ரெண்டு கட்டைவிரலையும் வெட்டிடுங்க!"

உத்தரவைக் கேட்ட ஆசாரி அலறிக்கொண்டு விகடகவி கூத்தபிரானிடம் ஓடினார்.

"ஐயா, மெழுகைப் பரப்பி அதுமேலதான் மெட்டு வைக்கணும். ஒவ்வொரு மெட்டா, தந்தியை அழுத்தி மீட்டி, சுருதி சேருதான்னு கேட்டுக் கேட்டு நகர்த்தணும். மீட்டாம எப்படி வைப்பேன்? மீட்டினா கட்டைவிரல் போச்சு. கட்டைவிரல் போனா உளி பிடிக்க முடியுமா? என் பிழைப்பே போச்சுய்யா!"

"ராஜா விரலைத் தவிர வேற விரல் படக் கூடாது, அவ்வளவுதானே? அவரையே கூப்பிட்டு உட்கார வைப்போம்."

"ராஜாவையா? என் பட்டறையிலயா?"

"உம்ம பட்டறையிலதான். மரத்தூளைக் கொஞ்சம் கூட்டி வையும்."

ராஜா குதூகலமாக வந்து சேர்ந்தார். ஆசாரி முதல் மெட்டை மெழுகில் பதித்தார். "அழுத்தி மீட்டுங்க, மகாராஜா." ராஜா மீட்டினார். ஆசாரி மெட்டை மயிரிழை நகர்த்தினார். "இன்னொரு தரம்." மீட்டினார். "இன்னொரு தரம்." மீட்டினார். "விரலை ஆட்டாதீங்க. இன்னொரு தரம்."

பிறந்ததிலிருந்து யாருமே அவரிடம் 'இன்னொரு தரம்' என்று சொன்னதில்லை. மூன்றாவது மெட்டுக்குள் ராஜாவின் விரல் நுனி பணியாரம் போல வீங்கிவிட்டது.

"இன்னும் எத்தனை மெட்டுய்யா இருக்கு?"

"மொத்தம் இருபத்து நாலு, மகாராஜா. மெழுகு இளகினா முதல்லேர்ந்து வைக்கணும்."

ராஜாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் போட்ட உத்தரவை எப்படித் திரும்ப வாங்குவது? பரிதாபமாகக் கூத்தபிரானைப் பார்த்தார். அவனோ, ராஜாவின் பின்னால் விசிறிக்கொண்டு நின்ற பாகவதர் பக்கம் திரும்பினான்.

"பாகவதரே, ஒரு சந்தேகம். மகாராஜா சாப்பிடறதுக்கு முன்னால விஷம் இருக்கான்னு ஒரு ஆள் ருசி பார்க்கிறானே, அந்தச் சாப்பாடு எச்சிலா?"

பாகவதர் திடுக்கிட்டார். எச்சில் என்று சொன்னால், ராஜா மூன்று வேளையும் எச்சில் தின்கிறார் என்று ஆகும். அப்புறம் தலை மிஞ்சாது.

"சேச்சே! அது எப்படி எச்சிலாகும்? அது மகாராஜாவுக்குப் பாதுகாப்பு!"

"அபஸ்வரமும் காதுக்கு விஷம்தானே?"

"சந்தேகமென்ன!"

"அப்போ வீணையையும் ஒருத்தர் ருசி பார்த்துட்டாத்தான் மகாராஜாவுக்குப் பாதுகாப்பு. அதுக்கு உங்களை விட்டா இந்த நாட்டுல யார் இருக்கா?"

ராஜா துள்ளி எழுந்தார். "பாகவதர்தான்! உட்காருங்காணும்!"

"ஒரு சின்ன விஷயம் மகாராஜா" என்றான் கூத்தபிரான். "சாப்பாட்டுல விஷம் தப்பி வந்தா ருசி பார்த்தவன் தலைதான் போகும். வீணையில அபஸ்வரம் தப்பி வந்தா, ருசி பார்த்தவர் கட்டைவிரல்தானே போகணும்? ஆசாரி வெறும் சமையல்காரர்."

"நியாயம்!" என்று விரலை ஊதிக்கொண்டே ராஜா ஓடிப்போனார்.

பாகவதர் முகத்தில் ஈயாடவில்லை. கெடுக்க வந்த மனுஷன், தன் கட்டைவிரலுக்குப் பயந்து அந்த வீணைக்கு உயிரையே கொடுத்தார். ஆசாரி "சரியாயிடுச்சு, சாமி" என்றாலும் விடவில்லை. "இல்லை, இன்னொரு தரம்!" என்று அவரே கெஞ்சினார். அப்படி ஒரு சுத்தமான வீணை அந்த நாட்டில் அதற்கு முன் செய்யப்பட்டதில்லை.

நல்ல நாள் பார்த்து அரங்கேற்றம். சபை நிறைந்திருந்தது. ராஜா வீணையை மடியில் சாய்த்து, கண்ணை மூடி, மீட்டினார்.

என்னத்தைச் சொல்ல! முன்வரிசை மந்திரி பல்லைக் கடித்தார். வாசலில் நின்ற பட்டத்து யானை பாகனைக் கேட்காமலே கொட்டாரத்துக்குத் திரும்பியது. தப்பு அவ்வளவு பெரிதாக இருந்ததால் ராஜாவுக்கே கேட்டுவிட்டது.

"அபஸ்வரம்!" என்று கத்தினார். "யாரங்கே! பாகவதர் கட்டைவிரலை..."

பாகவதர் தடாலென்று காலில் விழுந்தார். "சத்தியமா வீணை சுத்தம், மகாராஜா! நானே மீட்டிக் காட்டறேன்!"

வீணையை வாங்கி மீட்டினார். தேனாக ஒலித்தது. சபை ஆகா என்றது. ராஜாவின் முகம் சிவந்தது.

"வீணையும் சுத்தம், ருசி பார்த்ததும் சுத்தம்னா, நான் மீட்டினப்போ அந்தக் கண்றாவிச் சத்தம் எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"

கூத்தபிரான் மட்டும் கை கட்டி எழுந்தான்.

"மகாராஜா, சாப்பாட்டுல விஷமில்லைன்னு சொல்றதோட ருசி பார்த்தவர் வேலை முடிஞ்சுது. சாப்பிட்டவங்க வயித்துலேர்ந்து அப்புறமா வர்ற சத்தத்துக்கு அவரை எப்படிப் பிடிக்கிறது?"

ராஜா ஒரு கணம் முறைத்தார். பிறகு தொப்பை குலுங்க, வீணை மடியிலிருந்து நழுவும் அளவுக்குச் சிரித்தார். ஆசாரிக்குப் பட்டும் பொன்னும் கிடைத்தன. "உனக்கு என்னடா வேணும்?" என்று கூத்தபிரானைக் கேட்டார்.

"அடுத்த கச்சேரிக்கு மட்டும் லீவு குடுங்க, மகாராஜா. யானையோட நானும் போயிடறேன்."