மூன்று காவலும் ஒரு புலியும்

ஒரு காட்டில் கோடை முற்றினால் குட்டைகள் எல்லாம் காய்ந்து பாளம் பாளமாக வெடித்துவிடும். வற்றாமல் நிற்பது ஒரே ஒரு மடுதான். அந்தக் காட்டில் உயிர் பிழைத்திருக்க நினைக்கும் அத்தனை பேரும் தண்ணீருக்கு அங்கேதான் வர வேண்டும். அது புலிக்கும் தெரியும்.

அதனால் அங்கே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள், குழந்தைகளே. காலையில் யாரும் நேராக மடுவில் இறங்கக் கூடாது. முதலில் மூன்று பேர் காவல் பார்த்துச் சொல்ல வேண்டும். மருத மரத்து உச்சியில் மந்தி உட்கார்ந்து கண்ணால் பார்ப்பாள். மேட்டில் கடமான் நின்று மூக்கால் மோப்பம் பிடிப்பார். கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே ஆட்காட்டிக் குருவி நின்று காதால் கேட்பான். மூவரும் "புலி இல்லை" என்று சொன்னால்தான் மற்றவர்கள் இறங்கலாம்.

மந்திக்குத் தன் கண்ணைப் பற்றி மிகுந்த பெருமை. "எறும்பு வரிசை விலகினால்கூட எனக்குத் தெரியும்" என்பாள். அது வெறும் பேச்சும் இல்லை. அவள் காவலில் இருந்த காலமெல்லாம் ஒருமுறைகூடத் தவறியதில்லை.

நேற்றுக் காலையில்தான் அந்த வழக்கம் முதல் தடவையாக முட்டிக்கொண்டு நின்றது.

"புலி இல்லை!" என்றாள் மந்தி.

"புலி இருக்கிறது" என்றார் கடமான்.

"புலி வரவே இல்லை!" என்றான் குருவி.

நேற்றுப் பகல் முழுதும் இதே பேச்சு. யாரும் இறங்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பொழுது போயிற்று. இன்று விடிந்தது. மூவரும் மறுபடி அதையே சொன்னார்கள்.

"மாமா, உங்கள் மூக்குக்கு வயதாகிவிட்டது. போன கோடையில் வந்த புலியை இப்போது மோந்துகொண்டிருக்கிறீர்கள்!" என்று உச்சியிலிருந்து கத்தினாள் மந்தி.

"என் மூக்கைப் பற்றிப் பேசாதே. நீ மேலே உட்கார்ந்து பேன் பார்த்திருப்பாய். புலியை எங்கே பார்த்தாய்?" என்றார் கடமான்.

"சத்தம் போடாதீர்கள்! கரையில் நிற்பவன் நான். புலி வந்தால் முதலில் மிதிபடப்போவதும் நான். எனக்குத் தெரியாத புலியா?" என்றான் குருவி.

மரத்தடியில் கூட்டம் நாக்கு உலர்ந்து நின்றது. அதில் ஒரு புள்ளிமானும் இருந்தாள். அண்மையில்தான் ஈன்றவள். குட்டியைப் புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டு வந்திருந்தாள். அவளுக்குக் குட்டி உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். அது கிடக்கும் இடம்தான் கீழே இருந்த யாருக்கும் தெரியாது. மேலே இருந்த மந்திக்கு மட்டும் தெரிந்தது. நேற்று அந்தக் குட்டி தலையைத் தூக்கிக் காதை ஆட்டியது. இன்று தலை தரையில் கிடந்தது. தாய் தண்ணீர் குடித்தால்தானே பால் சுரக்கும்?

மந்தி அந்தப் பக்கம் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். 'நான் இல்லை என்றுதானே சொல்கிறேன்? இந்தக் கிழவர் தடுத்தால் நான் என்ன செய்ய?' என்று நினைத்துக்கொண்டாள்.

அப்போது கரடி எழுந்து நின்றார். அவருக்குச் சண்டை என்றாலே ஆகாது.

"எதற்கப்பா கூச்சல்? மந்தி இருக்கும் இடத்தில் இருந்து பார்த்தால் புலி இல்லை. அது மந்தியின் உண்மை. கடமான் நிற்கும் இடத்தில் இருந்தால் புலி உண்டு. அது அவருடைய உண்மை. அவரவருக்கு அவரவர் உண்மை. மந்தியை நம்புகிறவர்கள் போய்க் குடியுங்கள். கடமானை நம்புகிறவர்கள் நில்லுங்கள். பேச்சு முடிந்தது!"

எல்லோருக்கும் இது பிடித்துப்போயிற்று. இதில் யாரும் தோற்கவில்லை அல்லவா? மந்திக்கும் பிடித்தது. 'நான் சொன்னதும் சரி என்று ஆகிவிட்டதே' என்று அவள் வாலைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரிந்த ஒரே உண்மை என் தாகம்தான். வாங்கடா பிள்ளைகளா!" என்று காட்டுப்பன்றி தன் குட்டிகளை வரிசையாக நிறுத்தினான்.

"கரடியண்ணே, ஒன்று கேட்கலாமா?"

கேட்டவள் புள்ளிமான். கூட்டத்தில் வாய் திறந்தே பழக்கமில்லாதவள்.

"கேளம்மா."

"உண்மை ஆளுக்கொன்றாகவே இருக்கட்டும். புலிக்கு வாய் எத்தனை, அண்ணே?"

"இதென்ன கேள்வி? ஒன்றுதான்."

"அந்த வாய் இந்த நேரத்தில் ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது. மந்தியக்காவை நம்பிப் போகிறவர்களுக்கு இல்லாமலும், மாமாவை நம்பி நிற்கிறவர்களுக்கு இருந்தும் அதனால் முடியாதே. பன்றியண்ணன் இறங்கும்போது அது கரையில் இருந்தால், யாருடைய உண்மை இவர் பிள்ளைகளைக் காப்பாற்றும்?"

பன்றி தூக்கிய காலைத் தரையில் வைக்காமல் அப்படியே நின்றான்.

மந்திக்குச் சுருக்கென்றது. இரண்டு கிளை கீழே இறங்கி வந்தாள். "நான் பொய் சொல்கிறேன் என்கிறாயா?"

"இல்லையக்கா. மூவருமே பொய் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. யாராவது ஒருவர் பொய்யென்றால் என் வேலை சுலபம்."

"சரி, என்னதான் வேண்டும் உனக்கு?"

"புலி இருக்கிறது, இல்லை என்பதை விடுங்கள். கண்ணில் பட்டது எதுவோ, அதை மட்டும் சொல்லுங்கள்."

இதில் என்ன இருக்கிறது என்று மந்தி சொல்லத் தொடங்கினாள். "புல்வெளி தெரிகிறது. புலி இல்லை. மேற்குக் கரை தெரிகிறது. இல்லை. கிழக்குக் கரையும் அப்படித்தான். தண்ணீர் முழுவதும்..." என்றவள் சற்று நிறுத்தினாள். "வடக்கு மூலையில் தாழம்புதர் தண்ணீர்மேல் சாய்ந்து கிடக்கிறது. அதுவரை தண்ணீர் தெரிகிறது."

"புதருக்கு அடியில்?"

"இலைதான் தெரிகிறது."

"மாமா, உங்கள் மூக்குக்கு என்ன வந்தது?"

"புலியின் பச்சை வாடை. பழையது இல்லை. காற்று வடக்கிலிருந்து வந்தால் வருகிறது. காற்று திரும்பினால் நின்றுவிடுகிறது" என்றார் கடமான்.

"தம்பி, நீ கேட்டது?"

"நேற்றும் இன்றும் விடிந்ததிலிருந்து கரையில் ஒரு காலடி விழவில்லை. ஒரு சருகு நொறுங்கவில்லை. சத்தியம்!"

"விடிவதற்கு முன்னே?"

குருவி கழுத்தைச் சொறிந்தான். "அதற்கு முன்னே நான் இங்கே இல்லை, அக்கா. பாறைத் திடலில் முட்டைமேல் உட்கார்ந்திருந்தேன்."

புள்ளிமான் மடுவைப் பார்த்தாள். அவள் காதுகள் இரண்டும் முன்னால் வந்து நின்றன.

"இந்த மூன்றையும் பொய்யாக்காமல் ஒரு புலியை எங்கே வைக்கலாம் என்று யோசித்தேன். நேற்று விடியும் முன்பே வந்திருந்தால் தம்பி காதில் விழாது. வடக்கே இருந்தால் மாமா மூக்குக்கு வாடை வரும். இலைக்கு அடியில் இருந்தால் அக்கா கண்ணுக்குத் தெரியாது. வெயிலுக்குப் பயந்து தண்ணீரில் கிடந்தால் நடமாட்டமும் இருக்காது. அப்படி ஓர் இடம் இங்கே ஒன்றுதான் இருக்கிறது. தாழம்புதருக்குக் கீழே."

எல்லோரும் வடக்கு மூலைப் பக்கம் திரும்பினார்கள்.

மந்தி அந்தப் புதரையே பார்த்தாள். நேற்றும் அதைத்தான் பார்த்தாள். கோடை முழுதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையைப் பார்த்துவிட்டு 'இல்லை' என்று சொல்லியிருக்கிறாள்! கண் பழுது இல்லை. கண் காணாத இடத்துக்கும் சேர்த்து வாய்தான் பேசிவிட்டது. நினைக்கவே அவளுக்குக் காது சுட்டது.

"நீ சொல்வதும் ஊகம்தானே?" என்றான் பன்றி. தாகம் அவனை விடவில்லை.

"ஊகம்தான். நானும் கண்ணால் பார்க்கவில்லை. அதனால் நானும் 'இருக்கிறது' என்று சொல்ல மாட்டேன். பார்த்துவிட்டுச் சொல்வோம்" என்றாள் புள்ளிமான்.

குட்டி புல்லில் தலைசாய்த்துக் கிடக்கும்போதும், தான் பார்க்காததை ஒரு சொல்கூடப் புள்ளிமான் கூட்டிச் சொல்லவில்லையே என்று மந்தி நினைத்தாள். அடுத்த நிமிடமே அவள் கிளை விட்டுக் கிளை தாவி, வடக்குக் கரையில் நின்ற விளாமரத்துக்குப் போய்விட்டாள். கல்போன்ற காய் ஒன்றைப் பறித்து, குறிபார்த்துப் புதருக்குள் எறிந்தாள்.

சளக் என்றது தண்ணீர். ஒன்றும் நடக்கவில்லை.

"பார்த்தாயா?" என்று முணுமுணுத்தான் பன்றி.

மந்தி இன்னும் பெரிய காயாகப் பறித்தாள். இந்த முறை சளக் என்று கேட்கவில்லை. பொத்தென்று கேட்டது.

புதர் உறுமியது.

தாழை மடல்கள் விலகின. தண்ணீர் சொட்டச் சொட்ட, மண்டையில் ஒரு வீக்கத்தோடு புலி எழுந்து நின்றது.

"யாரடி அவள், தூங்குகிறவன் தலையில் காய் எறிவது?"

மந்தி, கடமான், குருவி மூவரும் ஒரே குரலாக, "புலி! புலி! வடக்கு மூலையில் புலி!" என்று கத்தினார்கள். காடு முழுவதும் அந்தக் கத்தலை வாங்கித் திருப்பிச் சொன்னது. ஒளிந்திருக்கும் புலிக்குத்தான் இரை கிடைக்கும். எல்லோரும் பார்த்துவிட்ட புலியின் அருகே யார் போவார்கள்? அது அங்கும் இங்கும் பார்த்தது.

"இரண்டு நாள் அசையாமல் கிடந்தேனே! எவன் என்னைக் காட்டிக்கொடுத்தது?"

"ஒருவரும் இல்லை. மூன்று பேர் சொன்னதை ஒருத்தி சேர்த்துப் பார்த்தாள்" என்றாள் மந்தி.

புலி உடம்பை உதறிவிட்டு, மலைப்பக்கம் ஏறிப் போயிற்று. முதுகு மறையும்வரை மந்தி கண்ணை எடுக்கவில்லை. பிறகுதான் திரும்பினாள். கூட்டம் நின்ற மருத மரத்துக்குப் பக்கத்து மரத்தின் பாதி உயரத்தில் கரடி இரண்டு கையாலும் அடிமரத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினார்.

"அண்ணே, அங்கே என்ன செய்கிறீர்கள்? உங்கள் உண்மையில் புலி உண்டா, இல்லையா?"

"கிண்டல் பண்ணாதே, மந்தி. இறங்க வழி சொல்லு."

கடமான் மேட்டிலிருந்து காற்றை மறுபடி மோந்து பார்த்தார். "வடக்குக் காற்றில் வாடை இல்லை" என்றார். குருவி, "மலைப்பக்கம் போன காலடி கேட்டது. திரும்பிய காலடி கேட்கவில்லை" என்றான். மந்தி விளாமரத்தின் தாழ்ந்த கிளைக்கு இறங்கி, புதருக்குள் தலையை விட்டே பார்த்தாள். "இலைக்கு அடியிலும் பார்த்துவிட்டேன். தண்ணீர்தான்" என்றாள்.

எல்லோரும் மடுவை நோக்கி நகர்ந்தார்கள். முன்னால் நின்ற பன்றி நகரவில்லை. தன் குட்டிகளையும் மூக்கால் ஒதுக்கி வழிவிட்டான்.

"நீ முதலில் இறங்கு, தாயே" என்றான்.

புள்ளிமான் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டு போனாள். அவள் குடித்து முடிக்கும்வரை வேறு யாரும் தண்ணீரில் வாய் வைக்கவில்லை. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவும் இல்லை.

வெயில் ஏறியது. புள்ளிமான் எப்போது புல்லுக்குள் நழுவினாள் என்று கீழே இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கரடி அண்ணாந்து கேட்டார்.

"மந்தி, குட்டி பிழைத்துக்கொண்டதா? பால் குடிக்கிறதா?"

மந்தி உச்சிக்குப் போய், நெற்றியில் கை வைத்து, நிதானமாகப் பார்த்தாள்.

"புல்லுக்கு மேலே ஒரு சின்ன வால் தெரிகிறது, அண்ணே. வேகமாக ஆடுகிறது. தெரிவது அவ்வளவுதான்."

நீதி: உண்மை ஒன்றே, ஒவ்வொருவர் காண்பதும் அதில் ஒரு பங்கே. தான் கண்டதற்கு மேல் சொல்லாமல், பிறர் கண்டதையும் கேட்டுச் சேர்ப்பவருக்கே அது முழுதாகப் புலப்படும்.