பூநாரைகள் தண்ணீரைக் கலக்கி ஆடுவது ஏன்

பறவைகள் அலகைத் திறந்தால் பேச்சு வந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஓர் உப்பங்கழியில் பூநாரைக் கூட்டம் ஒன்று இருந்தது. தூரத்தில் இருந்து பார்த்தவர்கள் அழகான கூட்டம் என்றார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அப்படி ஒன்றும் இல்லை. பயந்த கூட்டம், அவ்வளவுதான்.

அதன் தலைவன் நெட்டையன். அவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான் தெரியும்: எல்லாருக்கும் ஒரே நடை. அவன் வலது காலை எடுத்தால் அத்தனை பேரும் வலது காலை எடுக்க வேண்டும். கழுத்து அசையக் கூடாது. சிறகு விரியக் கூடாது. கண் கீழே போகக் கூடாது. யாராவது தப்பினால் பக்கத்தில் நிற்பவரே கொத்த வேண்டும்.

"தனியாத் தெரிஞ்சா பருந்து தூக்கிட்டுப் போயிரும்" என்பான். எல்லாரும் நம்பினார்கள்.

தத்தி என்ற பூநாரையும் நம்பத்தான் பார்த்தாள். ஆனால் அவளுக்கு அந்த நடை வரவில்லை. நாலடி ஒழுங்காக நடப்பாள். அடுத்த அடியில் கால் தானாக ஒரு தத்து தத்தும், இடது சிறகு படக்கென்று விரியும். அதனால்தான் அந்தப் பெயர். கொத்து வாங்கி வாங்கி முதுகில் இறகே சரியாக முளைக்கவில்லை.

"ஏண்டி, உன் கால்ல என்ன நண்டா கடிக்குது?" என்பாள் வரிசையில் பக்கத்தில் நிற்கும் மூக்காயி.

"நீங்க கடிக்கிறதுக்கு நண்டு தேவலை அத்தை."

தத்திக்குச் சொந்தம் என்று இருந்தது தங்கை சிலுப்பி மட்டும்தான். அவளுக்கும் ஒரு பழக்கம் உண்டு. சந்தோஷம் வந்தால் தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டிச் சிலுப்புவாள். அதுவும் அலையாத்தி மரங்களின் மறைவில், அக்காவுக்கு முன்னால் மட்டும். வரிசைக்கு வந்துவிட்டால் கல் மாதிரி நிற்பாள்.

ஒரு நாள் உச்சி வேளையில் காற்று சுத்தமாக நின்றுவிட்டது. கழித் தண்ணீர் கண்ணாடி போல ஆனது. வரிசையில் நின்ற ஒவ்வொருவர் காலடியிலும் அவரவர் நிழல் தலைகீழாக நின்றது. தினமும் தெரிகிற நிழல்தான். ஆனால் இத்தனை காலமும் அந்த ஒரே நடையைக் கீழே இருந்து பார்த்துப் பார்த்து அவை மனப்பாடம் செய்துவிட்டன. கஷ்டமே இல்லை. மனப்பாடம் செய்ய வேறு எதுவும் இருந்தால்தானே.

அன்று சாயங்காலம் தத்தி தங்கையிடம் போனாள்.

"பசிக்குதாடி?"

"பசிக்குதாடி" என்றாள் சிலுப்பி.

"விளையாடாத. அந்தப் பக்கம் இறால் நிறைய இருக்கு, வா."

"நிறைய இருக்கு, வா."

குரல் சிலுப்பியின் குரல்தான். கண் மட்டும் இமைக்கவில்லை. கழுத்தோடு கழுத்து உரசிப் பார்த்தாள். வெயிலில் நின்ற உடம்பு சில்லென்று இருந்தது. இறகில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

தத்தி சட்டென்று விலகினாள். மூக்காயியிடம் ஓடினாள். "அத்தை, சிலுப்பி சிலுப்பியா இல்ல."

"சிலுப்பியா இல்ல" என்றாள் மூக்காயி, இமைக்காமல்.

நெட்டையனிடம் போய்ச் சொன்னாள். "எல்லாரும் ஒழுங்கா நடக்கிறாங்க. நீ ஒருத்திதான் கெடுக்கிற" என்றான் அவன். "இவ்வளவு நல்ல வரிசையை நான் பார்த்ததே இல்ல."

அது உண்மைதான்.

மறுநாளும் உச்சி வேளையில் காற்று நின்றது. வரிசையில் நின்றபடியே தத்தி கழுத்தை வளைத்து, தலையைத் தலைகீழாகத் திருப்பித் தண்ணீரைப் பார்த்தாள். அதுவரை யாரும் இரை எடுக்கும்போதுகூடத் தலையை அப்படித் திருப்பியதில்லை.

தங்கை மாதிரி நின்றதன் காலடியில், தண்ணீருக்குள், சிலுப்பி இருந்தாள். நிழல் மேலே வந்து அவளைக் கீழே தள்ளியிருந்தது. மேலே நின்றது அசையவில்லை. கீழே இருந்தவள் தலையை வெட்டி வெட்டிச் சிலுப்பிக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் இல்லை. நான்தான் என்று அக்காவுக்குச் சொல்ல அவளிடம் வேறு எதுவும் இல்லை. அலகைத் திறந்தாள். சத்தம் வரவில்லை, குமிழிகூட வரவில்லை. உடம்பில் பாதி நிறம் கரைந்துபோயிருந்தது. இன்னொரு உச்சி வேளை வரை தாங்க மாட்டாள் என்று தத்திக்குத் தெரிந்தது.

அந்த இடத்தை ஓங்கி மிதித்தாள். தண்ணீர் கலங்கியது. மேலே நின்றது நடுங்கி மங்கியது. தண்ணீர் தெளிந்ததும் அதுவும் தெளிந்தது. மறுபடி மிதித்தாள். மறுபடி அதே கதை. ஒருத்தியின் கால் ஒரு கழியைக் கலக்கப் போதாது.

யாரைக் கூப்பிடுவது? வரிசையில் எது உயிர், எது நிழல் என்றே தெரியவில்லையே.

தத்தி வரிசையை விட்டு நடுவில் வந்தாள். தத்தினாள். இடது சிறகை முழுசாக விரித்தாள்.

"உயிரோட இருக்கிறவங்க யாரு?" என்றாள். "இருந்தா உங்க ஆட்டத்தை ஆடுங்க. மறைச்சு வச்சிருப்பீங்கள்ல, அதை. கொத்துறவங்க எல்லாம் இப்ப தண்ணிக்குள்ள இருக்காங்க."

யாரும் அசையவில்லை. பிறகு வரிசைக் கடைசியில் ஒருவன் கழுத்தை வானத்துக்கு நீட்டி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான். இன்னொருத்தி முதுகுக்குப் பின்னால் சிறகை மடக்கி நெளிந்தாள். அதைப் பார்த்து ஒருவனுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துக்கொண்டே அவனும் குதித்தான். இத்தனை காலம் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள் அன்றுதான் ஒருவரை ஒருவர் முதல் தடவை பார்த்தார்கள்.

"இப்ப சேர்ந்து மிதிங்க" என்றாள் தத்தி. "கால் ஒண்ணா விழட்டும். தலையும் சிறகும் அவங்கவங்க இஷ்டம்."

மிதித்தார்கள். சேறு மேலே வந்தது. கால் ஒன்றாக விழுந்தால் கூடவே காலை வைப்பது தவிர நிழல்களுக்கு வேறு தெரியாது. அவையும் மிதித்தன. தங்கள் காலடித் தண்ணீரைத் தாங்களே கலக்கின. கலங்கக் கலங்க ஒவ்வொன்றாக மங்கிக் கரைந்து சேற்றோடு போயின. அவை நின்ற இடத்தில் சேற்றைப் பிளந்துகொண்டு தலைகள் வந்தன.

சிலுப்பி இருமிக்கொண்டே வந்தாள். வந்ததும், எல்லாருக்கும் முன்னால், தலையைச் சிலுப்பினாள்.

"எவடி என் கழுத்து மேல மிதிச்சது?" என்றாள் மூக்காயி.

"நான்தான் அத்தை."

"அதான பார்த்தேன். ஒரு மிதியாவது ஒழுங்கா மிதிக்கிறியா நீ?" சொல்லிவிட்டு அவளும் மிதிக்க ஆரம்பித்தாள்.

நெட்டையன் மட்டும் ஆடவில்லை. வலது காலை எடுத்து வைத்தான், இடது காலை எடுத்து வைத்தான். அவனிடம் வேறு எதுவும் இல்லை. ஆட்டம் ஓய்ந்து தண்ணீர் தெளிந்தபோது மேலே ஒரு நெட்டையன் நடந்துகொண்டிருந்தான். கீழே ஒரு நெட்டையன் நடந்துகொண்டிருந்தான்.

"அண்ணே" என்றாள் தத்தி. "இது நீங்களா?"

மேலே இருந்தவன் அலகைத் திறந்தான். கீழே இருந்தவனும் திறந்தான். சத்தம் வரவில்லை. எது நெட்டையன், எது நிழல் என்று யாருக்கும் தெரியவில்லை.

பூநாரைகள் கூட்டமாகச் சேர்ந்து ஒரே தாளத்தில் தண்ணீரைக் கலக்குவது அன்று தொடங்கியதுதான். கால் ஒன்றாக விழும்போதே ஒன்று தலையைச் சிலுப்பும், ஒன்று படக்கென்று சிறகை விரிக்கும். குனிந்து தலையைத் தலைகீழாகத் திருப்புவதைப் பார்த்து இரை தேடுகின்றன என்று நினைத்துக்கொள்கிறோம். இரை அப்புறம்தான். காலடியில் தெரிவது இன்னும் தன் சொற்படிதான் ஆடுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்கின்றன.