கரடி வீசிய மஞ்சள் பூச்செடி

மலைக்காட்டில் கருப்பட்டி என்றொரு கரடி இருந்தது. தேன் என்றால் அதற்கு உயிர். அதன் குகை வாசலில் பொந்துள்ள பெரிய மரம் ஒன்று நின்றது. ஆனால் பொந்தில் ஓர் ஈகூட இல்லை!

கரடி தேனீ ராணியிடம் போய்க் கெஞ்சியது. "தாயே, என் மரத்துக்குக் குடிவாருங்களேன்!"

"பூவே இல்லாத இடத்தில் எங்களுக்கு என்ன வேலை? முதலில் வாசலில் பூக்கட்டும், வருகிறோம்!" என்றது ராணி.

உடனே கரடி முள்ளம்பன்றியிடம் ஓடி, மஞ்சள் பூவிதை வாங்கியது.

"இது குளிருக்கெல்லாம் அசையாது, தம்பி. ஆனால் ஒன்று, முதல் வருஷம்..." என்று முள்ளம்பன்றி ஆரம்பித்தது.

"எல்லாம் எனக்குத் தெரியும் அக்கா!" என்று கரடி பாதிப் பேச்சிலேயே ஓட்டம் பிடித்தது. அவசரக் குடுக்கை!

விதைத்தது. தண்ணீர் ஊற்றியது. இலை வந்தது. மேலும் இலை வந்தது. பூவை மட்டும் காணோம். பனிக்காலத்தில் அந்த இலையும் வாடித் தரையோடு ஒட்டிக்கொண்டது.

"ஏமாற்றுச் செடி!" என்று கரடி அத்தனையையும் வேரோடு பிடுங்கி, உயரமான வேலிக்கு அப்பால் வீசியது. அங்கே ஒரு பொந்து மரத்தடியில் சகதியான் என்ற காட்டுப்பன்றி குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

பனிக்காலம் போனதும் கரடி புது விதை போட்டது. கோடையிலும் வெறும் இலைதான்! அழுகையே வந்துவிட்டது. ஒரு காலையில் அதையும் பிடுங்கி, வேலிக்கு அப்பால் வீசியது.

அப்போது அந்தப் பக்கம் 'ஙொய்ங்' என்று சத்தம். கரடி எட்டிப் பார்த்தது. அடேயப்பா! ஆளுயரத்துக்கு மஞ்சள் பூக்கள்! பன்றியின் மரப்பொந்தில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. பன்றியின் மூக்கெல்லாம் தேன்!

"டேய், என்னடா செய்தாய்?"

"நான் ஒன்றும் செய்யலையே அண்ணே! நீங்கள் வீசினீர்கள், நான் தூங்கினேன். அது பாட்டுக்கு வேர் பிடித்துக்கொண்டது."

வழியே வந்த முள்ளம்பன்றி தலையில் அடித்துக்கொண்டது. "முதல் வருஷம் இலை, மறு வருஷம்தான் பூ! அதைத்தானே சொல்ல வந்தேன்?"

கரடி வெறும் வாசலைப் பார்த்தது.

"கவலைப்படாதீர்கள் அண்ணே!" என்றது பன்றி. "இன்று வீசியதும் இங்கேதான் கிடக்கிறது. அடுத்த வருஷமும் எனக்குத் தேன்தான்!"

சொல்வதை முழுக்கக் கேட்காமல் அவசரப்படுகிறவன், தான் பாடுபட்டதன் பலனைத் தன் கையாலேயே அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறான்.