மாஸ்டருக்குப் பதில் நடந்த குதிரை

பூவரசங்குளம் பேண்டு செட்டில் நாலு பேர். ஒருவர் தனியாக யோசித்தால் பாதித் தவறுதான் வரும். முழுத் தவறுக்கு எல்லோரும் கூட வேண்டும்.

தலைவர் சவரிமுத்து மாஸ்டர், கிளாரினெட். கொஞ்ச நாளாக அவர் சிரிப்பதே இல்லை. அவர் வாசித்த மாப்பிள்ளை அழைப்புப் பாட்டைக் கேட்டுப் பெண் வீட்டார் விசும்பி அழுதார்கள். பாதிப் பேர் பந்தியில் உட்காராமல் நேராகக் குளிக்கப் போய்விட்டார்கள். அதற்கப்புறம் யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை. மாஸ்டர் சிரிக்காவிட்டால் செட்டே கலைந்துவிடும் என்று பயந்து, மற்ற மூவரும் அவரை டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனார்கள்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டரம்மா சொன்னார்: “கொழுப்பு எக்கச்சக்கமா இருக்கு. மனசும் சோர்ந்து கிடக்கு. சில பேருக்கு இது ரெண்டும் சேர்ந்தே இருக்கும். எதால எது வருதுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. எண்ணெய்ப் பலகாரத்தைக் கண்ணாலகூடப் பார்க்கக் கூடாது. தினமும் காலையில ஒரு மணி நேரம் நடை. அடுத்த மாசம் வெறும் வயித்தோட வந்து ரத்தம் குடுங்க.”

வெளியே வந்ததும் டிரம் லூர்து கேட்டான்: “கொழுப்பால வருத்தமா, வருத்தத்தால கொழுப்பா?”

“எங்க ஆடு எப்படிக் கொழுத்திருக்கு! அதுக்கு என்ன வருத்தம்?” என்றான் டிரம்பெட் இன்னாசி.

“கிறிஸ்மஸ் வருதுல்ல?” என்றான் ஜால்ரா சந்தியாகு.

ஆட்டுக்காக மூவரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

அன்று மாலையே சிகிச்சை தொடங்கியது. டீக்கடையில் மாஸ்டரின் கண்ணைத் துண்டால் கட்டி வடை ஊட்டினார்கள்.

“பார்த்தீங்களா மாஸ்டர்?”

“இல்லப்பா.”

“அப்ப இன்னொண்ணு சாப்பிடுங்க.”

நடைதான் இடித்தது. தெருமுனை போவதற்குள் மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. லூர்து போய், மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குப் போகும் வெள்ளைக் குதிரையைப் பிடித்து வந்தான். தினமும் விடியலில் குதிரை நடந்தது. மாஸ்டர் மேலே உட்கார்ந்திருந்தார். மூவரும் பின்னால் வாசித்துக்கொண்டே போனார்கள். தெருவே எழுந்து திட்டியது. மாஸ்டரின் முகம் மட்டும் அசையவில்லை.

மாதம் முடிந்தது. ரத்தம் கொடுக்கும் நாளுக்கு முன்பு சபை கூடியது.

“நடந்தது யாரு?”

“குதிரை.”

“அப்ப கொழுப்பு யாருக்குக் குறைஞ்சிருக்கும்?”

“குதிரைக்குத்தான். மாஸ்டர் ரத்தத்தைக் குடுத்தா பழைய கொழுப்புதானே வரும்? அவ்வளவு உழைப்பும் வீண்!”

ராத்திரி புல் போடாமல் நிறுத்தி, காலையில் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போய், ரத்தம் எடுக்கும் லேப் வரிசையில் குதிரையை விட்டார்கள். ஊசியோடு நிமிர்ந்த பெண், “அடுத்தது யாரு?” என்றாள். குதிரை ஒரு எட்டு முன்னால் வைத்தது. வெறும் வயிறு அல்லவா, பக்கத்தில் நின்றவரின் ரிப்போர்ட்டைப் பிடுங்கி நிதானமாக மென்றது. “ஐயோ, என் சர்க்கரை!” என்று அவர் அலறினார்.

மாஸ்டரின் தோள் குலுங்கியது. பிறகு தொப்பை குலுங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். பார்க்கவே அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூவருக்கும் வெலவெலத்துவிட்டது.

“நடந்தது குதிரை, சிரிக்கிறது மாஸ்டரா?” என்றான் இன்னாசி. “குதிரைக்கு வர வேண்டிய குணம் ஆள் மாறிப் போச்சுடா!”

“அடுத்தவன் உழைப்பு நமக்கு எதுக்கு?” என்றான் லூர்து. “திருப்பிக் குடுத்துருவோம்.”

மறுநாளிலிருந்து குதிரைக்குப் பதில் மாஸ்டர் தினமும் நடக்கிறார். குதிரைக்குச் சிரிப்பு வரும்வரை விடுவதில்லை என்று முடிவு. அது ஓரமாக நின்று, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்க்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து மாஸ்டர் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறார். மூவருக்கும் கவலை ஏறிக்கொண்டே போகிறது.